ஹப்புக்குள் கியர் இருக்கிறது, ஷிஃப்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெரியப்பாவின் சைக்கிள் எங்கள் அயனாவரம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பதினைந்து வருடம் சாய்ந்தே கிடந்தது. கறுப்பு ராலே. பின்சக்கரத்தின் நடுவே மற்ற சைக்கிள்களில் இருப்பதைவிடக் குண்டான ஒரு ஹப். அச்சின் வலது முனையிலிருந்து ஒரு குட்டிச் சங்கிலி வெளியே எட்டிப் பார்க்கும். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோது ஹப்பின் மேல் அதைச் செய்த ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் பெயரும், ஏ.டபிள்யூ. என்ற மாடல் பெயரும், பக்கத்தில் 62, 3 என்ற எண்களும் தெரிந்தன. 1962-ஆம் ஆண்டு மார்ச் மாதம் செய்த ஹப் என்று அர்த்தம். ஹப் நன்றாகவே சுற்றியது. ஹேண்டில் பாரில் இருந்த, ஒயரை இழுத்துக் கியர் மாற்றும் ஷிஃப்டர்தான் துருவேறிக் கல்லாகிவிட்டிருந்தது.

கடைக்குப் போய் மூன்று கியர் ஷிஃப்டர் வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள். மூன்று கிளிக் இருந்தது, மாட்டினேன். முதல் கியர் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. இரண்டாவது மட்டும் சில நேரம் பிடித்தது, சில நேரம் பிடிக்கவில்லை. ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடையாறு திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தேன். பெடல் திடீரென்று வெறும் காற்றில் சுற்றியது. முழங்கால் ஹேண்டில் பாரில் மோதியது, பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. கீழே விழாமல் காலை ஊன்றிவிட்டேன். முழங்கால் வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனது.

எனக்கு விற்கப்பட்டது முன்பக்கச் செயின் தட்டுகள் மூன்றுக்கும் நடுவே செயினைத் தள்ளுவதற்கான ஷிஃப்டர். அதற்கும் மூன்று நிலை, என் ஹப்புக்கும் மூன்று நிலை. அதனால் பொருந்தும் என்று கடைக்காரரும் நம்பினார், நானும் நம்பினேன். அது ஏன் பொருந்தாது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஹப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரண கியர் சைக்கிளில் பின்னால் அடுக்கடுக்காகப் பல் சக்கரங்கள் இருக்கும். டீரேலர் என்ற கை செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும். ஹப் கியரில் பின்னால் ஒரே பல் சக்கரம், செயின் இடம் மாறாது. மாற்றமெல்லாம் ஹப்பின் வயிற்றுக்குள். அச்சோடு அசையாமல் ஒட்டியிருக்கும் சூரியச் சக்கரம், அதைச் சுற்றி வரும் கோள் சக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்து நிற்கும் வளையச் சக்கரம். ஏ.டபிள்யூ. ஹப்பில் சூரியனுக்கு 20 பல், வளையத்துக்கு 60 பல். செயின் வளையத்தைச் சுற்றிக் கோள்களின் கூண்டு ஹப்பைச் சுற்றினால் நேரடியாக மூன்று சுற்று மிதிக்கும் தூரத்துக்கு நாம் நான்கு சுற்று மிதிக்க வேண்டும். அது ஏற்றத்துக்கான முதல் கியர். கூண்டைச் சுற்றி வளையம் ஹப்பைச் சுற்றினால் கணக்கு தலைகீழ், அது மூன்றாவது கியர். இரண்டும் இல்லாமல் நேரடியாகச் சுற்றினால் நடு கியர். எதை எதோடு கோர்ப்பது என்பதை ஹப்புக்குள் இருக்கும் ஒரு சிறிய கிளச் முடிவு செய்கிறது. அச்சின் துளை வழியே வரும் அந்தக் குட்டிச் சங்கிலிதான் கிளச்சை அப்படியும் இப்படியும் நகர்த்துகிறது.

இந்த ஏற்பாடு புதிதல்ல. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1902-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர் ராலே சைக்கிள் கம்பெனியின் முதலாளி ஃபிராங்க் பௌடன். ராலேயை 1960-ல் வாங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான், முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து 1949-ல் நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய பிரிட்டிஷ் பங்காளி. அந்த வகையில் பெரியப்பாவின் ஹப் அம்பத்தூருக்குத் தூரத்துச் சொந்தம். 2000-க்குப் பிறகு ஸ்டர்மி ஆர்ச்சர் தைவானின் சன் ரேஸ் நிறுவனத்திடம் இருக்கிறது, உற்பத்தியும் தொடர்கிறது. பழைய ஹப் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. மூன்று கியருக்கான புது ஷிஃப்டர் இன்றும் கிடைக்கும்.

கிளிக்கை எண்ணினால் போதாது

முழங்கால் சரியான பிறகு பெரம்பூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஷிஃப்டரைப் பார்த்ததுமே சொன்னார்: "தம்பி, கிளிக்கை எண்ணி என்ன பண்றது? ஒரு கிளிக்குக்கு ஒயர் எவ்வளவு நகருதுன்னு பாருங்க."

இதுதான் முழு விஷயமும். ஷிஃப்டருக்குக் கியர் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒயரை இத்தனை மில்லிமீட்டர் இழுப்பது அல்லது விடுவது. ஹப்பும் தன் பங்குக்கு ஓர் அளவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. ஒயர் இந்த இடத்துக்கு வந்தால் முதல் கியர், இந்த இடத்துக்கு வந்தால் இரண்டாவது. இரண்டு அளவும் ஒன்றானால்தான் ஜோடி சேரும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் ஹப்பில் கிடையாது. ஆகவே எட்டு கியர் ஹப்புக்கு எட்டு கியர் டீரேலர் ஷிஃப்டரை மாட்டினால் வேலை செய்யாது. கிளிக் எண்ணிக்கை ஒன்றுதான், இழுவை வேறு.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். ஹப்பில் ஒரு கியர் என்பது ஒரு புள்ளி அல்ல, ஒரு சிறிய இடம். ஒயர் அந்த இடத்துக்குள் எங்கே நின்றாலும் கியர் பிடிக்கும். மூன்று கியர் ஹப்பில் இந்த இடங்கள் கொஞ்சம் தாராளம், அதனால் சின்னப் பிசகை அது பொறுத்துக்கொள்ளும். ஏழு, எட்டு, பதினொன்று என்று போகப்போக இடம் நெருக்கமாகிவிடும். அங்கே அரைகுறைப் பொருத்தம் பல்லை அரைத்துத் தின்றுவிடும். பழைய ஏ.டபிள்யூ.வில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஒரு வெற்றிடம் வேறு இருக்கிறது. பாலத்தில் என் பெடல் காற்றில் சுற்றியது அந்த வெற்றிடத்தில்தான். தவறான ஷிஃப்டர் ஒயரைத் தேவைக்கு அதிகமாக இழுத்தால் இன்னொரு சேதமும் உண்டு. முதல் கியருக்கு அப்புறமும் இழுபடுவதால் அந்தக் குட்டிச் சங்கிலி நீண்டு, கடைசியில் அறுந்துபோகும்.

திசையும் முக்கியம். ஏ.டபிள்யூ.வில் ஒயர் தளர்ந்தால் வேகக் கியர், இறுகினால் ஏற்றக் கியர். எல்லா ஹப்பும் இப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேர்மாறாக வேலை செய்பவையும் உண்டு. அப்படிப்பட்ட ஹப்பில் தவறான ஷிஃப்டரை மாட்டினால் எண்கள் தலைகீழாவதோடு போகாது, படி அளவுகளும் எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணப்படும். எண்களை மனசுக்குள் மாற்றிப் படித்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் ஒயர் ஹப்பில் சேரும் இடம். ஸ்டர்மியில் சங்கிலியின் முனையில் ஒரு திருகு மரை, அதில் ஒயரின் முனை திருகி ஏறும். ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் நெக்ஸஸ் வகை ஹப்பில், மூன்று கியர் மாடலில் சங்கிலி கிடையாது. அச்சு முனையில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்து, உள்ளே ஒரு கம்பியைத் தள்ளும். அந்தக் கம்பியின் நீளம் அச்சின் நீளத்தைப் பொறுத்து மாறும், ஆகவே வேறு சைக்கிளிலிருந்து பெட்டியை மட்டும் கழற்றி வருவதில் பயனில்லை. ஏழு, எட்டு கியர் நெக்ஸஸில் பல் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். ஒயர் அதைச் சுற்றி வளைந்து, ஒரு குட்டி போல்ட்டோடு அதில் கொக்கி மாட்டும். எட்டு கியரில் அந்த போல்ட்டை ஒயரின் வெளி உறை முடியும் இடத்திலிருந்து 101 மில்லிமீட்டரில் இறுக்கச் சொல்கிறது ஷிமானோ. கண் மதிப்பில் விட்டால் அட்ஜஸ்ட் செய்ய இடமே மிஞ்சாது. ஸ்கேல் வைத்து அளந்தே செய்யுங்கள்.

உங்கள் ஹப் எது?

ஹப்பைத் துடையுங்கள். உண்மையிலேயே வேலையில் முக்கால்வாசி இதுதான். பெயரும் மாடல் எண்ணும் ஹப்பின் உடம்பிலேயே பொறித்திருக்கும். ஷிமானோ ஹப் என்றால் எஸ்.ஜி. என்று தொடங்கும், எஸ்.ஜி-8ஆர்31 என்பது போல. அதன் ஷிஃப்டர்கள் எஸ்.எல். என்று தொடங்கும். எந்த எஸ்.ஜி.க்கு எந்த எஸ்.எல். என்ற பட்டியலை ஷிமானோ இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வந்த அடுத்த தலைமுறை ஹப்பாகக்கூட இருக்கலாம். கடைக்கு அந்தப் பகுதியின் போட்டோவோடு போவது நல்லது.

ஷிமானோவில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபமான ஒரு விஷயம்: எட்டு கியர் நெக்ஸஸும், ஷிமானோவின் இன்னொரு ஹப் வகையான ஆல்ஃபீனில் எட்டு கியரும் ஒரே ஷிஃப்டரை ஏற்கும். திருகும் பிடி பிடிக்கவில்லை, விரலால் தட்டும் ஷிஃப்டர்தான் வேண்டும் என்றால் நெக்ஸஸ் ஹப்புக்கு ஆல்ஃபீன் ஷிஃப்டரை வாங்கலாம். பதினொரு கியர் ஆல்ஃபீன் தனிக் குடும்பம், அதன் ஷிஃப்டர் எட்டுக்கு ஆகாது. டி.ஐ.2 என்று பொறித்திருந்தால் அது மின்சாரத்தில் மாறும் ஹப். ஒயர் ஷிஃப்டர் எதுவும் அதற்குப் பொருந்தாது.

எஸ்.ஆர்.ஏ.எம். என்று எழுதியிருந்தால் கொஞ்சம் பொறுமை தேவை. ஜெர்மனியின் பழைய ஸாக்ஸ் நிறுவனத்தின் சைக்கிள் பிரிவை 1997-ல் வாங்கி ஹப் கியர் செய்துவந்தவர்கள் அவர்கள். 2017-ல் ஹப் கியரை நிறுத்திவிட்டார்கள். அச்சு முனையில் மாட்டும் கிளிக்பாக்ஸ் என்ற பெட்டியும் ஷிஃப்டரும் அந்தந்த மாடலுக்கென்றே வந்தவை. கூட வரும் பெட்டி உடைந்திருந்தால் ஹப்பை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன்.

இதற்கெல்லாம் விதிவிலக்கு ரோலோஃப். பதினான்கு கியர், 1998-லிருந்து வருகிறது, விலையும் அதற்குத் தகுந்தது. அதில் கிளிக் ஷிஃப்டரில் இல்லை, ஹப்பிலேயே இருக்கிறது. ஷிஃப்டர் செய்வதெல்லாம் இரண்டு ஒயர்களை மாற்றி மாற்றி இழுப்பது. படி அளவு என்ற பிரச்சினையே கிடையாது, அதனால் வேறு தயாரிப்பாளர்களும் அதற்கு ஷிஃப்டர் செய்ய முடிகிறது. படியே இல்லாமல் வழுக்கிக்கொண்டு மாறும் என்வியோலோ என்ற ஹப்பிலும் இரண்டு ஒயர்தான். சென்னைச் சாலைகளில் இவற்றைப் பார்ப்பது அபூர்வம். ஆனாலும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் மற்ற ஹப்புகளில் ஷிஃப்டர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். அங்கே கணக்கு ஷிஃப்டரின் தலையில் இருக்கிறது.

ஹேண்டில் பாரையும் பார்த்துவிடுங்கள். திருகும் பிடி ஷிஃப்டர்கள் 22.2 மில்லிமீட்டர் குழாய்க்குச் செய்தவை. நம் ஊர்க் கறுப்பு சைக்கிள்களின் பார் அந்த அளவுதான். கீழே வளைந்த ரேஸ் சைக்கிள் பார் 23.8 மில்லிமீட்டர், அதில் ஏறாது. அப்படிப்பட்ட பாரில் ஷிமானோ ஹப்பை ஓட்ட ஆசைப்படுபவர்களுக்காக ஜேடெக் என்ற நிறுவனம் பாரின் முனையில் செருகும் ஷிஃப்டர் செய்கிறது.

வீட்டிலேயே அளப்பது

பெயர் அழிந்த ஹப், பெயர் தெரியாத ஷிஃப்டர். இரண்டும் கையில் இருந்தால் என்ன செய்வது? அளந்து பார்க்கலாம். அந்த மெக்கானிக் காட்டிக்கொடுத்தது இது.

ஷிஃப்டரை ஒரு பழைய ஹேண்டில் பார் துண்டில் இறுக்கி, ஒயர் சுவரை ஒட்டிச் செங்குத்தாகத் தொங்கும்படி வையுங்கள். ஒயரின் முனையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டுங்கள். பாட்டிலுக்குச் சற்று மேலே ஒயரில் ஒரு துண்டு டேப் ஒட்டி, பக்கத்துச் சுவரில் பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் டேப் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கடை கொடுத்த ஷிஃப்டரில் முதல் கிளிக்கும் இரண்டாவது கிளிக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவில் ஏறின. சுவரில் அதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது ஹப். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஒயரைச் சங்கிலியில் மாட்டிக் கையாலேயே மெதுவாக இழுக்க வேண்டும். இன்னொருவர் பெடலைச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் என் தங்கை சுற்றினாள். எந்தக் கியர் விழுந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பெடல் ஒரு முழுச் சுற்று வரும்போது சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். என் சைக்கிளில் முன்னால் 46 பல், பின்னால் 18. முதல் கியரில் சக்கரம் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவதில் இரண்டரைக்குச் சற்று அதிகம், மூன்றாவதில் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு கியரும் பிடிக்கத் தொடங்கும் இடத்தையும் விடும் இடத்தையும் ஒயரில் பேனாவால் குறியுங்கள். ஷிஃப்டரின் ஒவ்வொரு நிலையும் அந்தந்தக் கியரின் இரண்டு குறிகளுக்கு நடுவே, ஓரத்தில் ஒட்டாமல் விழுந்தால் அது பொருந்தும் ஷிஃப்டர்.

பொருந்தும் ஷிஃப்டர் கிடைக்கவே இல்லையென்றால் மூன்று கியர் ஹப்புக்கு மட்டும் ஒரு மாற்று வழி உண்டு. கிளிக்கே இல்லாத, உராய்வில் நிற்கும் பழைய கட்டைவிரல் ஷிஃப்டர். ஒயரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தும். நடு கியரின் சரியான இடத்தில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும். நான் நான்கு மாதம் இப்படித்தான் ஓட்டினேன். வெற்றிடம் உள்ள பழைய ஹப்பில் எழுந்து நின்று மிதிப்பதை மட்டும் இந்த ஏற்பாட்டில் செய்யவே கூடாது. ஏழு, எட்டு கியர் ஹப்பில் இதை முயலாதீர்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. சென்னையில் ஷிஃப்டர் மேல் பழி போடும் முன் ஒயரை மாற்றிப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் நிற்கும் சைக்கிள்களில் சாதாரண இரும்பு ஒயர் உறைக்குள்ளேயே துருப்பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உறைக்குள் தண்ணீர் இறங்கி, வளைவின் அடிப்பக்கத்தில் தங்கும். ஒயர் இறுக்கத்தில் சிக்கிக்கொண்டு கியர் தாமதமாக விழும். பார்ப்பதற்குப் பொருந்தாத ஷிஃப்டர் போலவே இருக்கும். எவர்சில்வர் ஒயர் போடுங்கள். நெக்ஸஸ் போன்ற ஹப்புக்கு வெளி உறையும் கியருக்கான உறையாகவே இருக்கட்டும். பிரேக் உறை ஸ்பிரிங் போலச் சுற்றப்பட்டது, இழுக்கும்போது அமுங்கும். கியர் உறையின் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் அமுங்காது. அவசரத்துக்குப் பிரேக் உறையைப் போட்டுத் தரும் கடைகள் உண்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரியான ஷிஃப்டர் வந்த பிறகும் அட்ஜஸ்ட்மென்ட் தவறினால் பழைய கதைதான். ஏ.டபிள்யூ.வில் ஷிஃப்டரை இரண்டாவதில் வைத்து, வலது அச்சு நட்டில் இருக்கும் சின்னத் துளை வழியாகப் பாருங்கள். உள்ளே சங்கிலியோடு சேர்ந்திருக்கும் கம்பியின் தடித்த பகுதி முடியும் இடம் அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். ஷிமானோவின் மூன்று கியரிலும் இரண்டாவதில்தான் வைக்க வேண்டும். அங்கே பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு கோடு இரண்டு கோடுகளின் நடுவே வர வேண்டும். எட்டு கியரில் நான்காவதில் வைத்து வட்டத் தட்டின் இரண்டு வண்ணக் கோடுகளை நேராக்க வேண்டும். பதினொன்றில் இதை ஆறாவதில் செய்ய வேண்டும்.

எனக்குக் கடைசியில் பொருத்தமான, விரலால் தட்டும் டிரிகர் ஷிஃப்டர் பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய ஸ்பேர் கடையில், பிரேக் கட்டைகள் நிறைந்த அட்டைப் பெட்டியின் அடியில் கிடைத்தது. நெற்றியில் எச், என், எல் என்ற மூன்று எழுத்து பொறித்த ஸ்டர்மி டிரிகர். அதே நாளில் அங்கே ஒருவர் வெளிநாட்டு மடக்கு சைக்கிளின் பின்சக்கரத்தை மட்டும் நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். ஷிஃப்டரை அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்றார். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: ஹப் கியர் சக்கரத்தைப் பழையதாக வாங்கும்போது ஷிஃப்டர், ஒயர், சங்கிலி அல்லது பெட்டி, அச்சு நட்டுகள், வாஷர்கள் எல்லாவற்றையும் அதே சைக்கிளிலிருந்து கழற்றி அதே பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்றால் அவற்றைத் தனியாக வாங்க ஆகும் செலவைச் சக்கரத்தின் விலையில் கழித்துப் பேசுங்கள்.